திரையில் இரண்டு சூரியன்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன வாரம் சொன்ன இருமல் நின்றதா. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை முதலில் போனது, இந்த ஒரு முறை அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். இதை எங்காவது உட்கார்ந்து படி, நடந்துகொண்டே படிக்காதே.

சித்தி வந்து இரண்டு வாரம் ஆகிறது. வந்த அன்றே சமையலறைச் சாமான்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டாள், என் வீட்டிலேயே கரண்டி எங்கே என்று அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதற்கு வந்திருக்கிறாள் என்று நீ போனில் கேட்டபோது சும்மா வந்தாள் என்றேன். சும்மா வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் அப்பாவைத் தனியாக விட முடியவில்லை என்பதால் வந்தாள்.

உனக்கு முதலிலிருந்து சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் நீயும் அப்பாவும் சேர்ந்து எழுதினீர்களே சூரிய மண்டல புரோகிராம், அதை வைத்துத்தான் இன்னும் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். பசங்கள் கோள்களை மவுஸால் பிடித்து இழுப்பார்கள், வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள், பூமியைச் சூரியனுக்குள் விழவைத்துக் கைதட்டுவார்கள். கடைசியாக நீ வைத்த ‘உண்மை அளவு’ பொத்தானை அழுத்துவேன். கோள்களின் அளவும் தூரமும் நிஜத்தில் உள்ள விகிதத்துக்கு வந்துவிடும், திரை முழுக்க இருட்டாகிவிடும். இடது ஓரத்தில் சூரியன் ஒரே ஒரு புள்ளி, அதை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குள் பூமியும் மற்ற மூன்றும், பிறகு பெரும்பாலும் வெறும் இருட்டு, நடுவே தள்ளித் தள்ளி மூன்று புள்ளி, வலது ஓரத்தில் நெப்டியூன். பத்து நிமிடம் கத்திய வகுப்பு அப்போது தானாக அடங்கும். எனக்கு அந்த நிமிடத்துக்காகவே அந்தப் பாடம் பிடிக்கும்.

இந்த முறை பாடத்துக்கு மூன்று நாள் முன்னால் அப்பா பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபிலிருந்து வந்து, “சூரியனே வரலைம்மா, பூமியும் காணோம், புரோகிராம்ல ஏதோ கெட்டுப்போயிருக்கு” என்றார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்காமலே, “பாத்து சரி பண்ணுங்க” என்றேன். மூன்று நாளும் லேப் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ எழுதிய வரியை அவர் தொட்டதே இல்லை, உனக்குத் தெரியும், குழந்தை எழுதினது என்பார். அந்த மூன்று நாளில் தொட்டிருக்கிறார்.

வகுப்பில் பொத்தானை அழுத்தினேன். திரையில் இரண்டு சூரியன். ஒன்று இடது ஓரத்தில் நீ வைத்தது, இன்னொன்று வலப்பக்கமாக அப்பா வைத்தது. ஓடவிட்டதும் சனி திரையை விட்டே பறந்துபோனது. “மிஸ், கம்ப்யூட்டர் சார் புதுசா ஒரு சூரியன் வாங்கிட்டாரு” என்று ஒருவன் கத்தினான், “ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ டா” என்று இன்னொருவன், வகுப்பே சிரித்து உருண்டது. அப்பா திரைக்குப் பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்துவிட்டு, “ரெண்டா? ஒண்ணுதானே இருக்கு” என்றார். இன்னும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்திருக்க வேண்டும். “பசங்க முன்னாடி என்னங்க விளையாட்டு, ஒரு பாடமே வீணாப் போச்சு” என்று எல்லோர் எதிரிலும் அவரை அதட்டினேன். அவர் வெளியே போனார், போகும்போது இடது தோள் கதவு நிலையில் நன்றாக மோதியது.

மணி அடித்த பிறகு ஒரு பெண் நின்றாள், தடித்த கண்ணாடி போட்டவள், சோடாபுட்டி என்று கேலி செய்வார்கள். “மிஸ், சார் விளையாடலை. இடது பக்கச் சூரியனை நான் விரலால தொட்டுக் காட்டினேன், அப்பவும் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை” என்றாள்.

அன்றைக்கு மதியம் அவருடைய தட்டைப் பார்த்தேன். வலது பாதி காலி, இடது பாதி அப்படியே இருந்தது. போதுமா என்றால், “எல்லாம் சாப்பிட்டாச்சே” என்கிறார். இடது கன்னத்தில் நாலு நாள் தாடி. இதையெல்லாம் எத்தனை நாளாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்தேனோ. நீயும் கவனித்தாய், வீடியோவில் பேசும்போது, “அப்பா, என்னை விட்டுட்டு யாரைப் பாக்கறீங்க?” என்று கேட்டாய். நாம் மூவரும் சிரித்தோம்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணில் கோளாறு இல்லையாம். மூளையில் வலப்பக்கம் கட்டி. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோகிறதாம், மறந்தது தெரியவும் தெரியாதாம். கட்டி வேகமாக வளர்கிறது, வருகிற பதினெட்டாம் தேதி தலையைத் திறக்கிறார்கள். டாக்டர் நல்ல மனுஷி, ஒளிக்கவில்லை. “எந்திரிச்சா சந்தோஷம்மா, ஆனா எந்திரிக்கிறவர் உங்களுக்குத் தெரிஞ்ச மனுஷனாவே இருப்பார்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது” என்றார். கட்டியின் வகை நல்லதல்ல என்றும் சொன்னார். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை.

உனக்குச் சொல்லக்கூடாது என்று அப்பா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். “இருபதாம் தேதி அவ ஆய்வைப் பத்திக் கேள்வி கேக்கப் போறாங்க, நாலு வருஷ உழைப்பு, இப்ப சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா” என்கிறார். மூன்று முறை உனக்குப் போன் போட்டேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். விரைவுத் தபால் ஐந்து நாளில் சேரும் என்றார்கள், இன்று ஆறாம் தேதி. சத்தியத்தை மீறியது நான், அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும். பத்தொன்பது வயதில் உன்னைக் கையில் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு பயமாக இல்லை. உன் பேராசிரியரிடம் நேராகப் பேசு, தேதியைத் தள்ளிவைக்கக் கேள், தராவிட்டாலும் வா. குளிர்ச்சட்டையை மறக்காதே, வழியில் ஏதாவது சாப்பிடு, யாரிடமும் கோபப்படாதே.

உன் புரோகிராமை நான் சரிசெய்துவிட்டேன். அவர் போட்ட வரிகளை அழிக்க மனம் வரவில்லை, தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று அந்தச் சோடாபுட்டி வீட்டுக்கு வந்தாள், அவருக்கு வலப்பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நல்லபடியாக வந்து சேர், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. ஒன்றை மட்டும் மறக்காதே. அவர் அறைக்குள் நுழைந்ததும் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் போய் நில். கதவு இடப்பக்கம் இருக்கிறது, அங்கேயே நின்று கூப்பிட்டால் நீ வந்திருப்பது அவருக்குத் தெரியாது.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா