பஸ் லேனும் அர்ச்சனைத் தாளும்

மிச்சம், லண்டன்
12.11.1994

அன்பு மகள் சந்திரவதனாவுக்கு, முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் டொரொண்டோக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும் போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இவ்வளவு நாளும் பேனை எடுக்கவில்லை. செப்டம்பர் இருபதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, நல்ல மழை, லைப்ரரி மண்டபத்தில் பஸ் லேன் கூட்டம் நடந்தது. வந்தவர்களைச் சொல்கிறேன். உன் அண்ணன் சிவானந்தன், அண்ணி சிவகௌரி, பக்கத்து வீட்டுப் பஸ் ட்ரைவர் சூசைதாசன், பலசரக்குக் கடைப் பாலேந்திரா, அவன் மனிசி, கோயிற்சனம் இருபத்தெட்டுப் பேர், கவுன்சிலால் வந்த கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பெண். வராதவள் ஒருத்தி, அவள் பேரைக் கடைசியில் எழுதுகிறேன்.

சிவகௌரிக்கு ஆஸ்பத்திரியில் எட்டு மணி ஷிப்ட். ஆறே முக்காலுக்கே வீட்டை விட்டு இறங்குவாள், ஆனால் கடைத்தெருவில் கார்களுக்குப் பின்னால் பஸ் அசையாது. பிந்திப் போனதற்கு இரண்டு கடிதம் வந்துவிட்டது, மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். காலை ஏழு தொடக்கம் பத்து வரை பஸ்ஸுக்கென்று தனிப் பாதை கீறப் பார்க்கிறோம், உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள் என்று கவுன்சில் கேட்டபோது நான் தேங்காய் உடைத்தேன்.

கூட்டத்தில் அந்தப் பெண், லேன் வேண்டாம் என்று நாற்பத்தொன்பது பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்று பேர்களை வாசித்தாள். மூன்றாவது பேர் என்னுடையது, நாலாவது சிவகௌரி. பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. பிறகு அந்தப் பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டு, விலாசத்துக்கு விட்ட இடத்தில் விசாகம், ரோகிணி, உத்தரட்டாதி என்று கிடக்கிறதே, இந்த வீதிகள் மிச்சம் ஊரில் எங்கே இருக்கின்றன என்று கேட்டாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மூன்றாம் ஆடி வெள்ளி பூசை வரிசையில், அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் எழுதுங்கோ எண்டு, கூட்டத்துக்கு வராத அவள் நீட்டின தாள் அது. லேன் வேண்டாம் என்று மேலே இங்கிலிஷில் ஒரு வரி இருந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து நித்திரைக் கண்ணோடு வந்த சிவகௌரிதான் எனக்கும் சேர்த்து எழுதினாள். கோயிலில் நீட்டுகிற தாளின் மேல் வரியை யார் வாசிக்கிறார்கள்?

நான் எழும்பி, தம்பி சூசைதாசன், நான் சொல்லுறதை இங்கிலிஷில சொல்லு எண்டு போட்டு, அன்றைக்கு வரிசையில் யாருக்குப் பின்னால் யார் நின்றது, யாருக்கு என்ன நட்சத்திரம் என்று தாளைப் பாராமல் முதலில் இருந்து சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் பெண் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு வந்தாள், முப்பத்தொன்றாவதில் போதும் என்று கும்பிட்டாள். ஆச்சி, இருபது வருசமா பஸ் ஓடுறன், எனக்கு என்ர ரூட்டே இப்பிடிப் பாடமில்லை எண்டான் சூசைதாசன். நாற்பத்தாறு பேர் வெட்டுப்பட்டது. மிஞ்சினது பாலேந்திரா, மனிசி, மாமியார்.

நேற்றுக் கவுன்சில் கடிதம் வந்தது, சூசைதாசன்தான் வாசித்தான். தை மாதம் லேன் கீறுகிறார்களாம், பத்து மணிக்குப் பிறகு கடைகளுக்குச் சாமான் இறக்கலாமாம். சிவகௌரி அடுப்படியில் நின்று சிரித்தாள், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. பாலேந்திரா கூட்டத்துக்கு மறுநாளே முருங்கைக்காய்க் கட்டோடு வந்து நின்றவன், சாமான் வான் நிப்பாட்ட இடமில்லாமல் கடை கவிண்டிடும் எண்டு பயந்திட்டன் அக்கா எண்டான். பிழைப்புக்குப் பயந்தவனை என்ன செய்வது, முற்றல் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்கினேன், மன்னித்தும் விட்டேன். அவனுடைய தமக்கை அப்படியில்லை. பகலில் நான் தனிய இருக்கிற வீட்டுக்கு வந்து, ஆறு வருசமாக இங்கிலிஷ் கடிதமெல்லாம் வாசித்துச் சொன்னவள். சிவகௌரிக்கு வந்த இரண்டையும் வாசித்தவள் அவள்தான். வாசித்த பிறகும் அந்தத் தாளை எங்கள் கையில் தந்தாள்.

நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, கையெழுத்து வைக்க முன் மேல் வரியை வாசி, கோயிலென்றாலும் வாசி. நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். புதுவருசக் கார்ட்டு லண்டனில் எல்லாருக்கும் போடு, ஒருத்திக்கு மட்டும் போடாதே.

இப்படிக்கு
என்றும் உன்னை நினைக்கும் அம்மா

கூட்டத்துக்கு வராதவளின் பேர்: கனகாம்பிகை, ஆயிலிய நட்சத்திரம்.