விலங்கின் முகம்

ஊர்காவற்றுறை பஸ் நிலையச் சுவரில் போன கிழமை ஒட்டிய படவிளம்பரம் மழையில் நனைந்து பசை மணத்தது. அதில் உம்முடைய பெயர். அதன் அருகே 'கதை' என்று ஒரு சொல். இன்று அதைக் கண்டு சந்தைப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரே அலுவலகத்தில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். மதிய இடைவேளைகளில் நீர் எழுதியதை முதலில் வாசித்தவள் நான். உம்முடைய நாவலில், நம் தீவுகள் எல்லாம் கடலுக்குள் உறங்கும் ஒரு பெரிய விலங்கின் முதுகு. ஒருநாள் அது விழிக்கும். நாவல் முழுவதிலும் அதன் முகத்தை நீர் எழுதவேயில்லை. படமெடுக்கக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினீர்.

"அவை கொம்பும் பல்லும் வைச்சுக் காட்டுவினம். பிறகு ஒருத்தருக்கும் பயம் வராது, சிரிப்புத்தான் வரும்" என்பீர்.

கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி நாவலின் உரிமைப் பத்திரத்தை என் கையில் தந்தீர். "இனி நீர் முடிவெடும். எனக்கு ஏலாது."

"நான் பிழையா முடிவெடுத்தா?"

"அப்ப நான் இருக்கமாட்டன்தானே" என்று சிரித்தீர்.

நீர் போய் இரண்டு வருடத்தில் ஓர் இளம் இயக்குநர் வந்தாள். விலங்கை எப்படிக் காட்டப் போகிறீர் என்று கேட்டேன். "தெரியாது அன்ரி. முதல்ல இஞ்ச கொஞ்சநாள் இருந்து பாக்கவேணும்" என்றாள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். கையெழுத்திட்டேன்.

போன கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் படம் போட்டார்கள். விலங்கு விழிக்கும் இடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. திறந்தால், திரையில் ஒரு கிணறு. தண்ணீர் மெல்ல எழுந்து மெல்லத் தாழ்ந்தது. பிறகு நெடுந்தீவில் ஒரு கிணறு, புங்குடுதீவில் ஆளில்லாத வளவில் ஒரு கிணறு. எல்லாம் ஒரே தாளத்தில். அது மூச்சு விடுகிறது! அது நீர் எழுதாத காட்சி. ஆனாலும் உம்முடையது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டாள்.

உமக்குப் பிடித்திருக்குமா? கதையின் முடிவைப் படத்தில் மாற்றியதற்குக் கட்டாயம் கோபித்திருப்பீர். கிணறுகளைக் கண்டதும், "இது எனக்கேன் தோன்றேல்லை" என்று பொறாமைப்பட்டிருப்பீர். இப்படி நானாக நினைத்துக்கொள்கிறேன். இனி உம்மிடம் கேட்க வழியில்லை.

படம் முடிந்து நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். பிறந்ததிலிருந்து நடந்த தெரு. அன்று அதில் பாதத்தைப் பார்த்துப் பார்த்து, மெதுவாக வைத்தேன். இன்றும் அப்படித்தான் நடக்கிறேன்.