பக்கத் தையலில் ஒரு விரல்

மடு மாதா துணை

பாட்டனி டவுன்ஸ், ஓக்லாந்து
ஜூலை 4

என் தங்க மகள் றெபேக்காவுக்கு,

நீ சுகம் என்று போனில் சொன்னாய். அதை அப்படியே நம்பிவிட்ட தாயாக நடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் எதைக் கேட்டாலும் “ஃபைன் அம்மா” என்று முடித்துவிடுகிறாய். கடிதத்துக்கு அப்படிப் பதில் எழுத முடியாதுதானே. அதற்குத்தான் பார்சலோடு இதையும் வைக்கிறேன்.

உன் பாய்ச்சல் சூட் தைத்து முடிந்துவிட்டது. பெரிய நாட்டு அணிகளுக்குத் தையல்காரர் கூடவே வருவாராம். உனக்கு உன் அம்மா, இந்த ராசமணிதான். நீ அனுப்பிய துணி பஞ்சுமெத்தை மாதிரித் தடிப்பு. கடையில் இரண்டு ஊசி உடைந்தது. பக்கத்து மெஷினில் இருக்கிற ஸ்வர்ணா, “பனியே இல்லாம கோடையில எப்படி அக்கா ஸ்கீ பண்ணுவாங்க?” என்று கேட்டாள். மலைச்சரிவில் பிளாஸ்டிக் பாய் விரித்து, தண்ணீர் தெளித்து, காலில் ஸ்கீயோடு உச்சியிலிருந்து காற்றில் பாய்வார்கள், யார் தூரம் போய் இறங்குகிறார்கள் என்பதுதான் போட்டி என்று சொன்னேன். “அதுக்கு நீங்க சம்மதிச்சீங்களா?” என்றாள். நான் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏப்ரலில் நீ வந்தபோது எடுத்த அளவுக்கே வெட்டினேன். பழக்கதோஷத்தில் பக்கத் தையலுக்குள் ஒரு விரல் துணி மடித்து விட்டிருக்கிறேன். கலியாணச் சட்டை தைத்துப் பழகிய கைக்கு, பின்னால் அவிழ்த்துப் பெருப்பிக்க இடம் விடாமல் தைக்கத் தெரியாது. வெளியே தெரியாது, அளவையும் கூட்டாது.

இங்கே ஒரே மழையும் குளிரும். உங்கே ஐரோப்பாவில் வெயில் என்று தொப்பியில்லாமல் திரியாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

முத்தங்களுடன்,
அம்மா


கூர்ஷெவெல், பிரான்ஸ்
ஆகஸ்ட் 12

அன்பின் அம்மா,

கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு டீச்சரைத்தான் ஏச வேண்டும்.

நேற்று நூற்றுப் பதினான்கு மீட்டர் பாய்ந்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவை முதல் முப்பது பேருக்குள் வந்தேன். பத்து நிமிடம் அங்கே இருந்தேன். பிறகு அளவு பார்க்கிற அறைக்குக் கூப்பிட்டார்கள். இடுப்பில் சூட், அனுமதித்த அளவைவிட இரண்டு சென்டிமீட்டர் கூட. துணி தளர்ந்தால் காற்றுப் பிடித்துத் தூரம் கூடும், அது களவு மாதிரி. போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

கோச் சூட்டை உள்ளே திருப்பிப் பார்த்து, இந்த மடிப்பு எதற்கு, வீண் பாரம், வெட்டி எறி என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா, இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏர்போட்டில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “நீ உந்தப் பாய்ச்சலை விட்டால் மாதாவுக்கு நூறு மெழுகுதிரி கொளுத்துவன்.” நாற்பது வருசம் தைக்கிறீர்கள். அரைச் சென்டிமீட்டர் பிழைவிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் எப்படி இரண்டு சென்டிமீட்டர் பிழைத்தது? வேண்டுமென்றே செய்தீர்களா?

ஐந்து நாளில் போலந்தில் அடுத்த போட்டி. சூட்டை நானே பிடித்து இறுக்கித் தைக்கப் போகிறேன்.

றெபேக்கா


பாட்டனி டவுன்ஸ்
ஆகஸ்ட் 13

மகள்,

நானும் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். தபாலுக்குக் காத்திருக்க மனமில்லை.

ஓம், நீ பாயக்கூடாது என்று வேண்டியிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் வேண்டியிருக்கிறேன். ஆனால் கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது வேண்டவில்லை. என் பிள்ளையின் உடுப்பில் நான் சதி செய்வேன் என்று நினைத்தாயே, அது எனக்கு நன்றாகவே சுட்டது. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு கோபம் ஆறி, வெட்டின கடதாசியை எடுத்து மேசையில் விரித்தேன். ஏப்ரல் அளவுக் கொப்பியையும் வைத்தேன். மூன்று தரம் அளந்தேன். ஸ்வர்ணாவையும் அளக்கச் சொன்னேன். ஒரு நூல்கூடப் பிழையில்லை.

அப்படியென்றால் பிழை எங்கே? சூட் பெருக்கவில்லை, பிள்ளை. நீ சிறுத்திருக்கிறாய்.

நான்கு மாதத்தில் இடுப்பில் அவ்வளவு. என்ன சாப்பிடுகிறாய்? பாரம் குறைந்தால் தூரம் கூடுமென்று யாரும் சொன்னார்களா, இல்லை நீயே கண்டுபிடித்தாயா? ஏப்ரலில் நீ சோற்றைக் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வைத்ததைக் கண்டேன். கண்டும் கேட்கவில்லை. அது என் பிழை.

இனி உனக்குச் சின்னதாய் நான் தைக்கமாட்டேன். சீசன் போனாலும் தைக்கமாட்டேன். புது அளவு வேண்டுமென்றால் வேறு யாரையாவது கொண்டு அளந்து அனுப்பு. உன் கையால் எடுத்த அளவு எனக்கு வேண்டாம்.

அம்மா


பாட்டனி டவுன்ஸ்
செப்டெம்பர் 15

என் குஞ்சு,

ஒரு மாதமாகப் பதிலில்லை. போனில் “இருக்கிறேன்” என்று ஒரு சொல் மட்டும் வருகிறது. அண்ணன் கிரிஷான் கடைக்கே வந்து, “அம்மா, போட்டி லிஸ்ற்றில அவளின்ர பேர் இல்லை” என்றான். நான் சந்தோசப்பட வேண்டுமே? அன்று ஒரு பெண்ணின் ஸ்கூல் யூனிஃபோமைக் கோணலாய்த் தைத்துவிட்டேன்.

கோபமென்றால் கோபமாகவே எழுது, ஏச்சு வந்தாலும் வாசிப்பேன்.

மாதாவிடம் வேண்டுதலை மாற்றிவிட்டேன். பாயட்டும், சாப்பிட்டுவிட்டுப் பாயட்டும் என்று கேட்டிருக்கிறேன். மெழுகுதிரி அதே நூறுதான்.

உன்,
அம்மா


கிளிங்கன்தால், ஜெர்மனி
ஒக்டோபர் 7

என் அன்பு அம்மாவுக்கு,

முதலில் மன்னிப்பு. அதைக் கேட்க எனக்குச் சரியான தமிழ் வரவில்லை. நான்கு கடதாசி கிழித்துவிட்டேன்.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. காலையில் அரை அப்பிள், இரவில் சூப். தராசில் நம்பர் இறங்க இறங்கத் தூரம் கூடியது. யாரும் சொல்லவில்லை, நானேதான். உங்கள் கடிதம் வந்த அன்று அதை மடித்து வைத்துவிட்டு, சூட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். மடிப்பை வெட்டத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன். கை போகவில்லை.

போலந்தில், மேலே பாய்ச்சல் தொடங்குகிற கம்பியில் உட்கார்ந்திருந்தேன். கோச் கொடியை இறக்கினார், போகலாம் என்று அர்த்தம். எனக்குக் கண் இருண்டது. கீழே பச்சைப் பாய் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பயந்துவிட்டேன் அம்மா. ஸ்கீயைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பார்க்கப் பார்க்க, படியால் இறங்கி வந்தேன். கீழே வந்ததும் கோச்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பாயக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதை உங்களுக்கு எழுத வெட்கம்.

இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். சில நாள் அது பாய்வதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சாப்பிடுகிறேன்.

போன கிழமை சூட்டைப் போட்டுப் பார்த்தேன், ஏறவில்லை. முதலில் என் தையலை அவிழ்த்தேன். அப்போதும் இறுக்கம். புதுத் துணிக்கு நேரமில்லை, இந்த முறை போட்டி இல்லை என்றார் கோச். நான் சூட்டை உள்ளே திருப்பிக் காட்டினேன். அவரே கத்தரிக்கோலை எடுத்துத் தந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் உங்கள் தையலையும் அவிழ்த்து, தள்ளித் தைத்து முடித்தேன்.

நேற்று அளவு பார்க்கிறவர் நாடாவைச் சுற்றி, சரி என்று தலையாட்டினார். தொண்ணூற்றேழு மீட்டர், நாற்பத்து மூன்றாம் இடம். இந்த முறை கம்பியில் கண் இருளவில்லை.

அளவு அனுப்புகிறேன். கோச்சின் மனைவிதான் எடுத்தார், அவருடைய கையெழுத்தும் கீழே இருக்கிறது. இடுப்பு அறுபத்தெட்டு சென்டிமீட்டர். குளிர்காலச் சூட்டை இதற்கே வெட்டுங்கள்.

நீங்கள் மடித்து விட்ட துணியில் இன்னும் அரை விரல் மிச்சம் இருக்கிறது, அம்மா.

உங்கள்,
றெபேக்கா