திங்கள்தோறும் மழை

நவம்பர் 3, 2025, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு, எங்கள் டீமின் நிரலும் வேலைப் பட்டியலும் இருக்கும் ரெப்போவைத் திறந்து இந்த வாரத்து வேலைகளைப் போட்டேன். பேக்கப் சரிபார்ப்பு, பழைய பதிவுகளைக் கழிப்பது, டெஸ்ட் ஓட்டுவது. எல்லாம் போன வாரம் போட்டவைதான்; தேதியை மாற்றி, ஆளுக்கு ஒன்றாகப் பெயர் ஒட்ட வேண்டும். கடைசியில், மூணாறுப் பக்கம் நான் இருக்கும் ஊரைச் சொல்லி வழக்கமான என் வால்: “சித்திரபுரத்தில் மழை.”

உடனே, வாளையார் செக்போஸ்ட் பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் செல்வப்பிரியா எழுதினாள்: “இங்க லாரிப் புகைதானுங்க.” கோயமுத்தூர் ஆபீஸிலிருந்து டீம் லீடர் சிவப்பிரகாஷ் ஒரு குடைப் படம் போட்டார்.

வேலையைத் தவிர வாரம் முழுக்க என்னிடம் யாரும் பேசுவது இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் கேவலமாக இருக்கிறது. இருக்கட்டும், யார் படிக்கப் போகிறார்கள்.

நவம்பர் 5

மீட்டிங்கில் சிவப்பிரகாஷ் சொன்னார்: “ஏனுங்க சித்ரா, வாராவாரம் அதையே கையால போட்டுட்டு இருக்கீங்க? தானா விழுகிற மாதிரி பண்ணிடுங்க. உங்களுக்கும் மிச்சம்.”

சரி என்றேன். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

நவம்பர் 8, சனி

அதற்கான கருவியை எழுதி முடித்துவிட்டேன். சின்ன வேலைதான். வாரம் ஒருமுறை அது தானே விழித்து, வேலைகளை உருவாக்கி, பெயர்களை ஒட்டிவிடும். அதற்கென்று ஒரு தனிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை; என் கணக்கின் சாவியையே கொடுத்துவிட்டேன். சோம்பல் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், திங்கட்கிழமை காலையில் அங்கே என் பெயர் தெரிய வேண்டும் என்று ஆசை. மழை வரியையும் அப்படியே உள்ளே வைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

ஒன்பது ஆகியும் ஒன்றும் விழவில்லை. விழுந்தது மத்தியானம் இரண்டரைக்கு! அந்தக் கருவிக்குக் கிரீன்விச் நேரம்தான் தெரியும். நான் நம் ஒன்பதை எழுதி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு!

“உங்க மலைக்குத் திங்கக்கிழமையே சாப்பாட்டுக்கு அப்புறந்தான் வருதுங்களா?” என்று சிவப்பிரகாஷ் கிண்டல். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். நேரத்தைத் திருத்தியாயிற்று.

நவம்பர் 17, திங்கள்

சரியாக ஒன்பதுக்கு விழுந்தது. யாரும் எதுவும் எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்? தானாக விழுவதற்கு யார் பதில் சொல்வார்கள்?

டிசம்பர் 1, திங்கள்

வெளியே மழை விட்டுவிட்டது. ரெப்போவில் பெய்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள். தேவிகுளம் எஸ்டேட்டில் அவள் ரிட்டயர் ஆனதும் கம்பெனியின் லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து கொடுத்தோம். அவள் என் அண்ணனோடு சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் இந்த மலையை விட மாட்டேன் என்று இங்கே வாடகைக்கு இருக்கிறேன். வீம்புதான். பிறந்த இடம் என்று சொல்லிக்கொள்ள இப்போது ஒரு கதவுகூட இல்லை.

“தனியா கெடந்து என்னத்தப் பண்ணுத?” என்றாள். கம்ப்யூட்டரே வேலை பிரித்துக் கொடுக்கும்படி செய்திருக்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

“அப்ப மஸ்டர்ல பேரு கூப்புடுறது யாரு?”

காலையில் மஸ்டரில், பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும்போதுதான், யாருக்கு எந்தத் தேயிலைக் காடு என்று பிரித்துவிடுவார்கள். “சாந்தம்மான்னு கூப்புட்டா, ‘இருக்கேன்’னு கத்துவேன், கீழ ஆத்துக்கே கேக்கும். ஒருநா கொரலு வரலன்னா கங்காணி லயத்துக்கு ஆளு அனுப்பிருவாரு, காச்சலா என்னன்னு பாக்க.”



ஜனவரி 7, 2026

காய்ச்சல். கஞ்சி வைக்கக்கூடத் தெம்பில்லை.

ஜனவரி 9

அம்மாவிடம் சளி என்று பொய் சொன்னேன். தெரிந்தால் பஸ் ஏறி வந்துவிடுவாள், அவள் முட்டிக்கு இந்த மலைப் பாதை ஆகாது. லீவு சொல்லவில்லை. யாராவது கேட்கிறார்களா பார்ப்போம் என்று ஒரு பிடிவாதம். இந்த வயதில் இது என்ன சின்னப்பிள்ளைத்தனம்?

கேட்கவில்லை. ஒருத்தரும் கேட்கலை. நான் செத்துக் கிடந்தாலும் திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு என் பேர்ல எல்லாருக்கும் வேலை விழும் — சித்ரா நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சுட்டுப் போயிடுவாங்க. நானே செஞ்சு வெச்சது. யாரைத் திட்ட?

ஜனவரி 12, திங்கள்

ஒன்பதரைக்குப் போன் அடித்தது. செல்வப்பிரியா. பின்னால் லாரி ஹாரன், அவள் கத்துகிறாள்.

“ஏனுங்க சித்ரா, அங்க நெசமாலுமே மழைங்களா?”

“இல்லையே.”

“நேத்து டிவில மூணாறுப் பக்கம் புல்லெல்லாம் பனி ஒறைஞ்சு கெடக்குதுன்னு காட்டுனாங்க. நீங்க என்னடான்னா மழைன்னு போட்டிருக்கீங்க. பின்னால பொரட்டிப் பாத்தேனுங்க, நவம்பர்ல இருந்து ஒரே மழை! அப்ப அந்த வரியும் நீங்க எழுதுறது இல்லீங்களே. நீங்க எங்கீங்க?”

வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. காய்ச்சல் என்றேன். அவள் திட்டின திட்டு! “மொதல்லயே எனக்குத் தோணியிருக்கோணும்” என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள். பேச்சு வளர்ந்து, அம்மாவின் மஸ்டர் கதையைக்கூடச் சொல்லிவிட்டேன். இங்கே வீடு கொடுத்திருக்கும் சிலுவைராஜ் அண்ணனின் நம்பரை வாங்கி அவளே பேசியிருக்கிறாள். மத்தியானம் அவர் வீட்டிலிருந்து ரசஞ்சோறு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 17, சனி

உடம்பு தேவலை. கருவிக்குத் தனிக் கணக்கு திறந்து என் சாவியைப் பிடுங்கிவிட்டேன். மழை வரியையும் எடுத்தாயிற்று. வேலைகளை அதுவே போடட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒன்பது மணிக்கு, அவற்றுக்குக் கீழே ஒரு வரி மட்டும் கையால் எழுதுவதாக இருக்கிறேன்.

ஜனவரி 19, திங்கள்

ஒன்பதுக்கு வேலைகள் விழுந்தன, கருவியின் பெயரில். நான் அடுப்பில் டீயை வைத்துவிட்டு, வெயில் என்று எழுதுவதா, குளிர் என்று எழுதுவதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு முன்னால் செல்வப்பிரியா எழுதியிருந்தாள், ஒரே சொல்:

“சித்ரா?”

டீ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்து முதலில் பதில் எழுதினேன்.

“இருக்கேன்.”