கனமான பெயர்

யோக்யாகர்த்தா
16 செப்டம்பர் 2001

பகஸ்கராவின் அப்பாவுக்கு,

சலாம். நீங்களும் உங்கள் அக்காவும் ஆடுகளும் சுகம்தானே? நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பாய் விரிக்க வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டே வந்தேன். அப்படி ஆகவில்லை. பின்சந்தில் ஒரு வீடு இருக்கிறது. எங்களைப் போல வெளியூரிலிருந்து நோயாளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்காக லானி அம்மா என்கிறவர் நடத்துகிறார். சீனக்கார அம்மா, கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறார். நல்ல வார்த்தை சொன்னாலும் திட்டுகிற மாதிரியே இருக்கும். "இங்க ரெண்டே சட்டம். செருப்பு வெளியில. அழுகை சமையல்கட்டுல. பிள்ளைங்க முன்னாடி ரெண்டும் வரக்கூடாது" என்றார். அதனால் வெங்காயம் நறுக்க எல்லா அம்மாக்களும் முந்திக்கொள்கிறோம்.

படுக்கை, சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு வெள்ளை வேன் எல்லாம் இலவசம். ஞாயிற்றுக்கிழமைகளில் தர்மம் செய்கிறவர்கள் வருவார்கள். மொட்டைத் தலைப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் பொம்மை கொண்டுவருகிறார்கள். துணி சோப்பு வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நம் பிள்ளையிடம் இப்போது கட்டில் கொள்ளாமல் கரடி பொம்மைகள். "அம்மா, இதையெல்லாம் குடுத்துட்டு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக்கலாமா?" என்கிறான்.

ரத்தத்தில் புற்றுநோய் என்பது உறுதியாகிவிட்டது. மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். "எங்களால ஆனதைச் செய்யறோம்மா" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நம் ஊருக்கு இன்னும் போன் வராதது இப்போதுதான் உறைக்கிறது. பதிலை ஜுமாடியின் மினிபஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். சந்தைக்கு வரும்போது இங்கே தந்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் நினைவாகவே இருக்கும்
பகஸ்கராவின் அம்மா


செலோகரி, வோனோகிரி
25 செப்டம்பர் 2001

பகஸ்கராவின் அம்மாவுக்கு,

சலாம். கடிதம் வந்தது. அக்கா உரக்கப் படித்தாள், நான் கேட்டுக்கொண்டே மரவள்ளி சீவினேன். இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிழங்கெல்லாம் விரல் பருமன்தான். காயப்போட்டு முடிக்காமல் அங்கே வர வழியில்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஒரு விஷயம். நீ வருத்தப்படாமல் படிக்க வேண்டும். அக்கா சொல்கிறாள்: "மரவள்ளி தோண்டுறவன் பிள்ளைக்கு ராஜா வீட்டுப் பேரு வெச்சீங்களே, அந்தப் பிஞ்சுத் தலை எப்படிடா தாங்கும்?" அவள் மட்டுமில்லை, ஊரே அதைத்தான் பேசுகிறது. மேடை நாடகத்தில் பார்த்த இளவரசன் பெயரை வைக்க வேண்டும் என்று நீதான் பிடிவாதமாக நின்றாய். நான் குறை சொல்லவில்லை. பல வருஷம் கழித்துப் பிறந்தவன், ஆசைப்பட்டாய். ஆனால் பெயர் கனத்துப்போய்ப் பிள்ளைக்கு நோய் விடாமல் இருந்தால் அந்தப் பெயரை இறக்கிவைப்பது நம் வழக்கம்தானே. தச்சன் பைமான் மகனுக்கு வலிப்பு நின்றது அப்படித்தான். இன்று அவன் செங்கல் சுமக்கிறான்.

புதுப் பெயர் வரஸ். சுகமாக இருப்பவன் என்று அர்த்தம். அதற்கு மேல் நமக்கு என்ன வேண்டும்? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, துவா ஓதி, சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் வைத்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு தூக்கில் அந்தக் கஞ்சியைக் கொண்டுவருகிறேன். அவன் ஒரு வாய் சாப்பிட வேண்டும்.

வகியோ


யோக்யாகர்த்தா
14 அக்டோபர் 2001

பகஸ்கராவின் அப்பாவுக்கு,

பழைய பெயரை எழுதிவிட்டேன் என்று கோபம் வரும். கை அப்படித்தான் போகிறது, என்ன செய்ய?

நீங்கள் வந்துபோனதில் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கஞ்சி வழியிலேயே புளித்துவிட்டது என்று நான் சொன்னேனே, அதற்காக என்னிடம் சண்டை போட்டான். "அப்பா கொண்டுவந்தது புளிக்காது" என்றான். ஆனால் அவன் காதில் நீங்கள் சொல்லிவிட்டுப் போனது என்ன கூத்தாகியிருக்கிறது தெரியுமா? செவ்வாய்க்கிழமை ரத்தம் ஏற்ற நாள். நான் துணி அலசப் போயிருந்தேன். நர்ஸ் வந்து "பகஸ்கரா, பகஸ்கரா" என்று கூப்பிட்டிருக்கிறாள். இவன் கரடியை மடியில் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். பிள்ளை ஊருக்குப் போய்விட்டது போல என்று ரத்தத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள்தான் இவனுக்குக் கிடைத்தது. அதுவரை மூக்கில் ரத்தம் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"கூப்பிட்டேனே, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்று நர்ஸ் கேட்டாள். "அது என் பேரு இல்ல. அதுக்குப் பதில் சொன்னா நோய் வழி கண்டுபிடிச்சு திரும்ப வந்துரும்னு அப்பா சொல்லியிருக்காரு" என்றான். வார்டே சிரித்தது. இங்கே வீட்டில் அவன் கட்டிலில் லானி அம்மா இரண்டு பெயரையும் எழுதி ஒட்டிவிட்டு, "ரெண்டு பேருக்கு ஒரே கட்டில், எனக்கு லாபம்" என்றார். நானும் சிரித்தேன். அப்புறம் வெங்காயம் இல்லாமலே அழுதேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் ஆசையாக வைத்த பெயராலா அவனுக்கு இந்த நோய் வந்தது? ஊர் சொல்வது இருக்கட்டும். நீங்கள் அப்படி நினைக்கிறீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

பார்சினி


செலோகரி
29 அக்டோபர் 2001

வரஸின் அம்மாவுக்கு,

சலாம். ஆடு குட்டி போட்டிருக்கிறது. ஒற்றைக் குட்டி, நெற்றியில் வெள்ளை. அது வரஸுக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். கரடியைக் கொடுக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்.

நீ கேட்டதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. பழைய பெயரை வாயால் சொல்லாதே, அவ்வளவுதான் கேட்கிறேன். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என் பிள்ளைக்கு நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். நர்ஸிடமும் சொல்லிவை.

வகியோ


யோக்யாகர்த்தா
3 டிசம்பர் 2001

பிள்ளையின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அக்காவிடம் படிக்கக் கொடுக்காதீர்கள். மெதுவாக நீங்களே எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

பக்கத்துக் கட்டில் யூலியின் மகள் வெள்ளிக்கிழமை போய்விட்டாள். அவர்கள் ஊர் கடற்கரையோரம், ரொம்பத் தூரம். வெள்ளை வேனில் கொண்டுபோனார்கள். அந்த வேன் மற்ற நாளில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடும். தூரத்துக்குக் கிளம்புகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் வாசலுக்குப் போக மாட்டோம். பிள்ளைகளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாட்டுப் பாடவைப்போம். நம் பிள்ளை பாடவில்லை. "யூலி அத்தை பொண்ணு வேன்ல முன்சீட்டா, பின்சீட்டா?" என்று கேட்டான்.

நேற்று டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். மருந்து கேட்கவில்லையாம். இனிமேல் ஏற்றினால் வலி மட்டும்தானாம். எவ்வளவு நாள் என்று கேட்டேன். பெருநாள் வரைக்கும்கூட உறுதி சொல்ல முடியாது என்றார்.

அவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். ஆட்டுக்குட்டியைப் பார்க்க வேண்டுமாம். லானி அம்மா வேனும் ஆக்ஸிஜனும் கூட ஒரு நர்ஸும் தருகிறேன் என்கிறார். "இத்தனை வருஷத்துல உசுரோட ஒரு பிள்ளையையாவது இந்த வண்டி ஊருல கொண்டுபோய் விடட்டும் பார்சினி. நாளைக்கே கிளம்பு" என்றார். அவன் அப்பாவைக் கேட்க வேண்டும் என்றேன். "எதுக்குக் கேக்கணும்? அவரு என்ன கவர்னரா?" என்று கத்தினார். எனக்குத்தான் மனம் வரவில்லை. உங்கள் வீடு, உங்கள் பிள்ளை. உங்களிடம் சொல்லாமல் வாசலில் கொண்டுவந்து இறக்க முடியுமா?

கூட்டிவரவா? வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் போதும். ஜுமாடியிடம் அவசரம் என்று சொல்லுங்கள்.

பார்சினி


செலோகரி
6 டிசம்பர் 2001

வரஸின் அம்மாவுக்கு,

வேண்டாம். கூட்டிவராதே.

டாக்டர் ஆயிரம் சொல்வார். பைமான் மகனுக்கும்தான் சொன்னார்கள். பெயர் மாற்றி இரண்டு மாதம்தானே ஆகிறது, அது பலிக்க நாள் கொடுக்க வேண்டாமா? இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்தால் கைவிட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம். பெருநாளுக்கு ஊரே திரும்பி வரும். வீடு வீடாக வந்து அவனைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெருநாள் முடியட்டும். நீ தைரியமாக இரு, அவன் காதில் வரஸ் வரஸ் என்று சொல்லிக்கொண்டே இரு.

வகியோ


செலோகரி
11 டிசம்பர் 2001

வரஸின் அம்மாவுக்கு,

கூட்டிக்கொண்டு வா.

ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. நோன்பு திறக்க உட்கார்ந்தால் முன்சீட்டா பின்சீட்டா என்று அவன் கேட்டதுதான் காதில் கேட்கிறது. முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன், படுத்தபடியே ஆட்டுக் கொட்டில் தெரியும். உச்சுக் கொட்ட வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடுவேன். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் பரவாயில்லை. அவன் வரட்டும்.

ஜுமாடி பெருநாள் சவாரிக்காகச் சோலோ நகரத்துப் பக்கம் போயிருக்கிறான். நாளை மறுநாள்தான் அங்கே வருவானாம். வேறு ஆள் கிடைக்கவில்லை. கடிதம் கைக்குக் கிடைத்ததும் கிளம்பிவிடு. முன்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவா.

வகியோ


செலோகரி
12 ஜனவரி 2002

வரஸின் அம்மாவுக்கு,

சலாம். ஏழாம் நாள் ஓதி முடிந்த மறுநாள் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாய். லானி அம்மா வீட்டில் சமையலுக்கு நிற்கிறாய் என்று ஜுமாடி சொன்னான். ஊரார் கேட்கிறார்கள். பெற்றவள் இல்லாமல் நாற்பதாம் நாள் எப்படி? வந்துவிடு.

அன்று அந்த வேன் வந்து நின்றபோது நான் முதலில் ஓடிப்போய் முன்கதவைத்தான் திறந்தேன். நீ பார்த்தாய். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

தலைமாட்டுப் பலகையை வெறுமையாகத்தான் நட்டிருக்கிறோம். நாற்பதுக்குள் பெயர் வெட்ட வேண்டும், எந்தப் பெயர் என்று பைமான் கேட்கிறான். நீ சொல்.

இன்னொன்று. அக்கா கேட்கச் சொல்கிறாள். கடைசி நேரத்தில் நீ பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாயா? நானும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் பார்சினி. தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வகியோ


யோக்யாகர்த்தா
17 ஜனவரி 2002

ஆமாம். கூப்பிட்டேன்.

அக்காவிடம் சொல்லிவிடுங்கள். எப்படிக் கூப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று நீங்கள் எழுதியது கைக்கு வந்ததிலிருந்து நீங்கள் சொன்னபடியே செய்தேன். வரஸ் வரஸ் என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேன் வாசலில்தான் நின்றது. லானி அம்மா தினமும் காலையில் என்னைப் பார்ப்பார், நான் தலையைக் குனிந்துகொள்வேன். கடைசி நாள் சாயங்காலம் அவனுக்குக் கண் திறக்கவே சிரமமாக இருந்தது. வரஸ், தண்ணி குடிக்கிறியா என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பாதான் இங்க இல்லையே. நீ பழைய பேரு சொல்லியே கூப்பிடு" என்றான். அத்தனை மாதமும் அவன் உங்களுக்காகத்தான் அந்தப் பெயரைச் சுமந்திருக்கிறான். பகஸ்கரா என்றேன். ம் என்றான். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி ம் என்றான். மூன்றாவது தடவை பதில் இல்லை.

உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டு என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்றும் இப்போது தெரிகிறது. அக்டோபரில் ஒரு கேள்வி கேட்டேன், பதில் எழுதத் தெரியவில்லை என்றீர்கள். இப்போது வந்த கடிதத்தில் எழுதிவிட்டீர்கள்.

கூட்டிக்கொண்டு வா என்ற உங்கள் கடிதம், நான் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது அவன் கட்டிலில் கரடிகளுக்கு நடுவில் இருந்தது. நாங்கள் வேனில் கிளம்பின பிறகு ஜுமாடி கொண்டுவந்திருக்கிறார். உங்களைத் திட்ட மாட்டேன். வண்டியை வாசலில் வைத்துக்கொண்டு, உங்கள் வார்த்தைக்காகக் காத்திருந்தவள் நான்தான். அதற்காக உங்களையும் என்னால் மன்னிக்க முடியவில்லை, என்னையும் மன்னிக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படி மன்னிக்க முடியாமல் இருக்க வேண்டாம்.

இங்கே நான் யாரையும் காப்பாற்றிவிடவில்லை. சோறு வடிக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு சட்டத்தையும் சொல்கிறேன். நேற்று ஒரு பெண் நாலு வயசுப் பையனோடு வந்தாள். அவன் பெயரைக் கேட்கவில்லை. கரடிகளைக் கொடுத்துவிட்டேன்.

பலகையில் வரஸ் என்றே வெட்டச் சொல்லுங்கள். அந்தப் பெயரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றது எனக்குப் போதும். நாற்பதுக்கு நான் வரவில்லை. இங்கேயே கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறேன்.

கடிதத்தின் தலையில் ஒன்றும் எழுதவில்லை என்று பார்த்திருப்பீர்கள். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் பிறந்த நாளிலிருந்து உங்களை அவனுடைய அப்பா என்றுதான் கூப்பிட்டுப் பழகினேன். அதற்கு முன்னால் எப்படிக் கூப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

பார்சினி