இடப்பக்கக் கதவு

அன்றைக்கு முற்றத்தில் இருந்தது அஞ்சு பேர். நான், நீங்கள், என் மகன் சசி, அவன் பெண்டாட்டி பிந்து, என் கொழுந்தன் தங்கப்பன். வேறு யாராவது இருந்ததாகச் சொன்னால் அது பொய். கோழிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மைனி, இன்று காலையில் பக்கத்து விளையில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் காயப் போட்டிருக்கிறார்கள். அந்தப் புளித்த வாடை வந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ரெண்டு மழைக்காலம் கழிந்தது. சொல்ல ஆள் இல்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்களைக் கட்டின என் அண்ணன் போன பிறகு நீங்கள் எங்களோடு வந்து இருந்தீர்கள். கிட்னி கெட்டு, வாரத்தில் ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ண நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டி வந்தது. சசியின் பழைய காரில் முன்னால் இடப்பக்கம்தான் உங்கள் இடம். அந்தக் கதவு போகிற வழி முழுக்கக் கடகடவென்று ஆடும். சாத்தினால் காலி டின்னைத் தட்டின சத்தம். திரும்பி வரும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "மண்டைக்குள்ள ஆரோ தட்டுகது போல இருக்கு மக்கா" என்பீர்கள். வேறு எதற்கும் நீங்கள் முனகினதில்லை.

ஒர்க் ஷாப்பில் கதவையே மாற்ற வேண்டும் என்றார்கள். தங்கப்பன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "என்னத்துக்கு? நம்ம புகைப்புரையில ரப்பர் ஷீட் காயத் தொங்குதுல்லா. உள்ள ஒட்டினா சத்தம் சாவும்."

அப்படித்தான் முற்றத்தில் கதவைப் பிரித்தோம். சசி உள்பக்கத்து அட்டையைக் கழற்றினான். உள்ளே பார்த்தால் வெறும் தகரமும், பூட்டுக்குப் போகிற ஒரு கம்பியும். கம்பிதான் ஆடிக்கொண்டு கிடந்தது. நீங்கள் தோளில் போடுகிற பழைய நேரியதைக் கிழித்துக் கொடுத்தீர்கள், பிந்து அதைக் கம்பியில் சுற்றினாள். தங்கப்பன் ஷீட்டை வெட்டி, டியூப் ஒட்டுகிற பசை தேய்த்து, தகரத்தில் அழுத்தி ஒட்டினான். மிச்சத்தைக் கீழே மடக்கி, கதவின் அடிவிளிம்பில் இருந்த சின்ன ஓட்டைகளின் மேலே ஒட்டப் போனான்.

நீங்கள் தடுத்தீர்கள். "லே தங்கப்பா, அதை அடைக்காதே. தண்ணி போற ஓட்டையாக்கும் அது."

"ரோட்டுத் தண்ணி உள்ள கேறாம இருக்கத்தான் அடைக்கேன் அக்கா."

"மேல கண்ணாடி இடுக்கு வழியா மழை இறங்குமே. அது போகாண்டாமா? பூச்சட்டிக்கும் அடியில ஓட்டை உண்டு."

"அக்கா, இது பூச்சட்டி இல்ல, காராக்கும்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவன் அடைத்தான். சசி கதவைச் சாத்தினான். கனத்த பெட்டியை மூடினது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். மூணு தடவை சாத்தச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இப்பம் கொள்ளாம், நல்லா இருக்கு" என்றீர்கள். அந்த வாரம் நீங்கள் தலைவலி இல்லாமல் வீடு வந்தீர்கள்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. வளைவில் திரும்பும்போது கதவுக்குள் தண்ணீர் அலம்பும். "மக்கா சசி, அந்த ஓட்டையைத் திறந்து விடு" என்று நீங்கள் சொன்னதற்கு அவன், "நாளைக்கி ஆகட்டும் மாமி" என்றான். பிறகும் சொன்னீர்கள். திரும்பவும் சொன்னீர்கள். மூணு தடவை. நான் பின்சீட்டில் இருந்தேன்.

ஆனி மாதத்தில் உங்களுக்கு மூச்சு முட்டினது. ஆஸ்பத்திரி வாசலில் கதவு திறக்கவில்லை. தேங்கின தண்ணீரில் பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. வெளியே இருந்து ரெண்டு பேர் இழுத்தார்கள், உள்ளே இருந்து நான் எட்டித் தள்ளினேன். கடைசியில் டிரைவர் சீட்டு வழியாக உங்களை இழுத்து எடுத்தார்கள். கியர்க் கம்பியில் மாட்டிச் சேலை உரிந்தது. வாசல் முழுக்க ஆள். மீன்காரன் வந்தால்கூட முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர் நீங்கள். "சேலையைப் பிடி" என்றீர்கள். என் கை எட்டவில்லை. உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிச் சொல் அது. மூணாம் நாள் போய்விட்டீர்கள்.

கதவு திறந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். நான் இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கில், காஞ்சிரங்குளத்திலிருந்து வந்த உங்கள் தங்கச்சி பந்தியில் இருந்து கேட்டாள்: "அந்தக் கதவு ஏன் திறக்கல்ல?" தங்கப்பன் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். சசி சொன்னான்: "மாமி சொல்லித்தான் ரப்பரை வச்சு அடியெல்லாம் அடைச்சோம். வேண்டாம்னு சொன்னா கேக்கமாட்டாவளே." உங்கள் தங்கச்சி, "அவ எதிலயும் போய்க் கை வைப்பா" என்றாள். பந்தி முழுக்கத் தலையாட்டினது. நான் சாம்பார் வாளியோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. அது என் பிழை.

மறுவாரம் பஸ் ஏறிக் காஞ்சிரங்குளம் போய், நடந்ததை நடந்தபடி அவளிடம் சொன்னேன். "போட்டும் அக்கா, போனவ போயாச்சு" என்றாள். போனவளின் பேர்தான் இங்கே கிடக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

தங்கப்பன் ஒருநாள் அடுக்களை வாசலில் வந்து நின்று என்னிடம் அழுதான். "நானாக்கும் அடைச்சேன் மைனி." தெரியாமல் செய்தவன். சாயா போட்டுக் கொடுத்தேன். அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

மற்றவன் எனக்கு மருந்து வாங்கி வருகிறான், வேளைக்குக் கொடுக்கிறான். நானும் வாங்கிக் குடிக்கிறேன். எனக்கு டைபாய்டு வந்து கிடந்த நாலு மாசமும் உங்கள் வயிற்றில் தலை வைத்து உறங்கினவன். அவன் பயந்து சொன்னான் என்று நீங்கள் சொல்வீர்கள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதும் அப்படித்தானே சொல்லி அவனை என் அடியிலிருந்து காப்பாற்றினீர்கள். நீங்கள் அவனை மன்னித்திருப்பீர்கள், மைனி. உங்களுக்குப் பதிலாக அதை நான் செய்ய முடியாது. செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லமாட்டாள் என்று தெரிந்தே சொன்னான், என் வயிற்றில் பிறந்த சசி.