ஞாயிற்றுக்கிழமை நிறுத்திய கப்பல்கள்

ஜனவரி 8, வியாழன்

காலையில் பனி. பழைய சுரங்கத்து மணல்மேட்டுக் காற்று வேறு. காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் நிறம். அவர் முதல் ரயிலில் பெங்களூருக்கு, வேலைக்கு.

மகள் ஷீபா விட்டுப்போன டேப்பில், அவள் இன்னும் ஆடும் கேமைத் திறந்தேன். வேறு மதத்தில் கட்டிக்கொண்டு போனதிலிருந்து மகளோடு பேசக் கூடாதென்று அவர் உத்தரவு. நானும் வாக்குக் கொடுத்தாயிற்று. கேமில் பேச்சே கிடையாது, படங்கள் மட்டும். வாக்கை மீறவில்லை. கர்த்தர் அறிவார்.

கடலுக்கு அந்தப் பக்கம் அவள் ராஜ்யம், இந்தப் பக்கம் என்னுடையது. இன்று நானாகக் கண்டுபிடித்தவை:

பச்சை அம்பு – நம் சரக்கு வெளியே போகிறது. நீலம் – உள்ளே வருகிறது.
கை குலுக்கும் படம் – ஒப்பந்தம்.
கொடிக்குப் பக்கத்தில் முகம் – அவர்களுக்கு நம்மேல் என்ன மனசு என்று.
வட்டத்துக்குள் குறுக்குக்கோடு – நிறுத்துவதாக இருக்கும். சரியாகத் தெரியவில்லை.

உப்பு வேண்டுமா என்று கேட்டு அழுத்தினேன். சாயங்காலம் கை குலுக்கும் படம் வந்துவிட்டது!

ஜன. 10, சனி

ஷீபா மரம் அனுப்பியிருக்கிறாள். நான் கேட்கவில்லை. உப்பைவிட அதிகமாகவே. வரவில் எழுதினேன். முகம் சிரிக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி அடுப்பெல்லாம். இன்னா அந்தப் பொட்டிய பாத்து சிரிப்பு என்று அவர் கேட்டார். ஆட்டம் என்றேன். எட்டிப் பார்த்தார், போய்விட்டார்.

கொத்தமல்லி, கறி மசாலா, நாளைக்கான பால் இன்றே.

ஜன. 11, ஞாயிறு

ஆராதனைக்குப் புறப்படும் முன் கப்பல்களை நிறுத்தினேன். ஞாயிறன்று இந்த வீட்டில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆட்டமானாலும் வியாபாரம் வியாபாரம்தானே. குறுக்குக்கோட்டை அழுத்தினேன், நின்றது. நாளைக் காலையில் திறந்துவிட்டால் போயிற்று.

ஜன. 12, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

விடிந்ததும் டேப்பைத் திறந்தால் என் துறைமுகம் எரிகிறது, உப்புக் கிடங்கும். கை குலுக்கிய இடத்தில் இரண்டு வாள். முகம் சிவந்து கிடக்கிறது. கொடி ஷீபாவுடையது. என் பெண்ணா? என் பெண்ணா இப்படி?

அந்தக் குறுக்குக்கோட்டை அமுக்கிப் பிடித்தேன். கீழே சின்ன இங்கிலீஷ் எழுத்து. அகராதி வைத்துப் படித்தேன். உறவை முறித்தல். நிறுத்துவது இல்லை, முறிப்பது. நேற்று முழுக்க அவள் பக்கம் அதுதானே தெரிந்திருக்கும். ஐயோ.

அவருக்கு வார ஓய்வு, வீட்டில்தான். திறந்து கிடந்த டேப்பைப் பார்த்துக்கொண்டே குளிக்கப் போனார், போனதும் ஜெபம் பண்ணிவிட்டு ஃபோனை எடுத்தேன். வாக்குப் போயிற்று.

ஹலோ கூட இல்லை. "நீயும் என்ன வெட்டி வுட்டுட்ட இல்லம்மா. அப்பா சொன்னாரா?"

இல்லடி, ஞாயித்துக்கெழமடி, அன்னிக்கு நம்ம வீட்டுல ஏது யாவாரம் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பா அழுகையா, புரியவில்லை.

திரும்பினால் அவர், ஈரத் துண்டோடு. எவ்வளவு நேரமாகவோ. கையை நீட்டினார். கொடுத்தேன்.

அவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ மாதம்.

"ஷீபா, இன்னாம்மா நீ, உப்பு குடோனையும் சேத்து கொளுத்திட்ட. உங்கம்மா காலைலேர்ந்து ஒரு வாய் துன்னல."